முப்பத்தேழாம் எண் மாப்பிள்ளை

ஜெர்மனியில் கெம்னிட்ஸ் ஊர் எட்டுக்கால் நண்பர்கள் சங்கத்தில் எக்பெர்ட் நாவ்மன் கையெழுத்துப் போடாத சிலந்திக்குப் பெயர் கிடையாது. பெட்டி இருக்கும், பெட்டிக்குள் டாரண்டுலா இருக்கும், அது எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தும் இருக்கும். ஆனால் நாவ்மன் வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து பார்த்து, லேபிளில் இனப் பெயரை எழுதிக் கீழே 'எ. நா.' என்று கிறுக்கும்வரை, சங்கத்தைப் பொறுத்தமட்டில் அது இன்னும் பிறக்கவில்லை.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. காலுறை ஆலையில் தரம் பார்க்கும் உத்தியோகம். இடது காலுறைக்கும் வலது காலுறைக்கும் ஒரு இழை பிசகினாலும் தூக்கி எறிந்துவிடுவார். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான வருஷம், ஊர்க்காரர்களெல்லாம் புதுப் பணத்தைக் கொண்டுபோய் மேற்கத்திக்காரன் ஓட்டித் தேய்த்த கார்களை வாங்கி வந்தபோது, இவர் ஒரு சிவப்பு முட்டிச் சிலந்தி வாங்கி வந்தார். கறுப்புக் கால்களில் முட்டிக்கு முட்டி ஆரஞ்சு நிறம், யாரோ உட்கார்ந்து கங்கு வைத்ததுபோல. அந்தக் கார்கள் எல்லாம் எப்போதோ துருப்பிடித்துப் போயின. சிலந்திகள் எண்பத்து நான்காகப் பெருகின. நீலக் காலும் ஆரஞ்சு வயிறும் கொண்டவை, ரோஜா நிறப் பாதம் கொண்டவை, வெயில் பட்டால் பச்சையும் நிழலில் கறுப்புமாக ஏமாற்றுபவை. மனைவி கெர்லிண்ட் முதல் பத்துக்குப் பெயர் வைத்தாள். பதினொன்றிலிருந்து எண்தான்.

அவர் சங்கத்தில் புதியவர்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று:

"நெறத்த நம்பாதீங்க. வயசானா மங்கும், சட்டை உரிச்சா மின்னும், லைட்டு போட்டா மாறும். மொகத்தப் பாருங்க. உரிச்ச சட்டைய மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாருங்க. அப்புறமா வாயத் தெறங்க."

இப்படிப்பட்டவர் எப்படித் தவறினார் என்பதுதான் விஷயம். அதற்கு அந்தச் சிவப்பு முட்டிகளின் குடும்ப வழக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன்புவரை உலகத்தில் வளர்ப்பவர்கள் வைத்திருந்த அத்தனை சிவப்பு முட்டியையும் 'ஸ்மித்தி' என்றே அழைத்து வந்தார்கள். பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் உட்கார்ந்து பார்த்து, இதில் இரண்டு இனம் இருக்கிறது, உங்கள் வீடுகளில் இருப்பதில் பெரும்பாலானவை ஸ்மித்தியே அல்ல, 'ஹமோரி' என்று சொல்லிவிட்டார்கள். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. முகத்தில், விஷப்பல்லுக்கு மேலே, வெளிர் பட்டை இரண்டு ஓடினால் ஹமோரி. அப்படி இரண்டு தெரியாவிட்டால் ஸ்மித்தி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இன்னும் சந்தேகமே இராது.

நாவ்மன் அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க உட்கார்ந்து, தன்னிடமிருந்த பத்தொன்பது சிவப்பு முட்டிகளையும் மறுபடி பரிசோதித்து லேபிள் மாற்றினார். உண்மையைச் சொன்னால் பதினெட்டு. முப்பத்தேழாம் எண் அப்போது விரல்நுனி அளவுக் குஞ்சு. சட்டை உரிக்கும் தறுவாயில் கார்க் பட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் ஒரு சிலந்தியைத் தொந்தரவு செய்பவன் சங்கத்தில் மனிதனாக மதிக்கப்படமாட்டான். விற்றவன் கொடுத்த சீட்டில் 'குர்ரேரோ வம்சம்' என்றிருந்தது. குர்ரேரோ மெக்சிகோவில் ஒரு மாநிலம், அங்கிருந்து வந்தது என்றால் ஸ்மித்தி. 'உரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எண்ணி ஸ்மித்தி என்று எழுதி, எ. நா. போட்டார். அது உரித்தது. அப்போது அவருக்குச் சளிக் காய்ச்சல்.

எ. நா. கையெழுத்து இருக்கும் பெட்டியை மறுபடி பரிசோதிக்க வேண்டியதில்லை என்பது சங்கத்து விதி. அந்த விதியை எழுதியவரும் எ. நா.தான்.

ஆறு வருஷம் கழித்து முப்பத்தேழாம் எண் வயதுக்கு வந்து ஆணாக நின்றது.

சங்கத்து ரைன்ஹில்ட் க்ரால் டிராம் ஓட்டுபவள். ஐந்தாம் நம்பர் தடம். ஐம்பத்துநாலு வயது. கணவன் ஊவே இறந்தபோது விட்டுப்போனது ஒரு மீன்பிடித் தூண்டிலும் வால்ட்ராவுட் என்ற சிவப்பு முட்டிப் பெண்ணும். தூண்டிலை விற்றுவிட்டாள். வால்ட்ராவுட்டை நாவ்மன் இரண்டு முறை பரிசோதித்து, அசல் ஸ்மித்தி, ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லியிருந்தார். அதுமுதல் அவள் ஒரு ஸ்மித்தி ஆணைத் தேடிக்கொண்டிருந்தாள். வால்ட்ராவுட்டுக்கு வயது பத்தொன்பது. இன்னும் எத்தனை நாள் முட்டை போடும் என்று யாருக்கும் தெரியாது.

நாவ்மன் தன்னிடம் ஒரு மாப்பிள்ளை இருக்கிறது என்று சொன்ன அன்று, ரைன்ஹில்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாவ்மன் சார், நீங்க சொன்னா எனக்கு அது போதும்" என்றாள். பிற்பாடு அவர் காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

அக்டோபரில் அவள் சமையலறை மேஜையில் கல்யாணம் நடந்தது. முப்பத்தேழாம் எண் பெண்ணின் வளை வாசலில் நின்று முன்காலால் தரையைத் தட்டியது. உள்ளேயிருந்து வால்ட்ராவுட் பதிலுக்குத் தட்டியது. இரண்டே நிமிஷம். மாப்பிள்ளையை மணப்பெண் சாப்பிட்டுவிடாதபடி நாவ்மன் தோசைத் திருப்பி போன்ற ஒரு தட்டைக் குறுக்கே விட்டுக் காப்பாற்றினார். ரைன்ஹில்ட் நுரை பொங்கும் வைன் ஊற்றினாள். ஊவேயின் படத்துக்கு முன்னாலும் ஒரு கிளாஸ் வைத்தாள்.

கல்யாணமான ஆண் சிலந்திகள் அதிக நாள் இருப்பதில்லை. ஜனவரி பத்தொன்பதாம் தேதி முப்பத்தேழாம் எண் கால்களைச் சுருட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. பதப்படுத்தி வைக்கும் முன் ஒரு மரியாதைக்காக நாவ்மன் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்பே வேண்டாம் என்று ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தார். வெளிர் பட்டை இரண்டு. முதல்முறை வந்த விருந்தாளிகூடச் சொல்லிவிடுவான்.

ஹமோரி.

வெளியாட்களுக்கு இதில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். சங்கத்தாருக்கு இதைவிடப் பெரிய குற்றம் கொலைதான், அதிலும் சிலருக்குச் சந்தேகம் உண்டு. கலப்புக் குஞ்சுகள் பார்ப்பதற்கு அசலைப் போலவே இருக்கும். கைமாறும், வளரும், இனம் பெருக்கும். பத்து வருஷத்தில் நாட்டில் எவனிடமும் அசல் ஸ்மித்தி என்று ஒன்று இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆகவே விதி பதினாலு: கலப்புக் குஞ்சுகள் ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

அன்றைக்கே போன் செய்து சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். வால்ட்ராவுட் இன்னும் முட்டையே போடவில்லை. நாவ்மன் போனை எடுத்தார். 'நீங்க சொன்னா எனக்கு அது போதும்' என்பது ஞாபகம் வந்தது. வைத்துவிட்டார். அதற்குப் பதில் ஒரு கணக்குப் போட்டார்: முட்டை போடுவதற்கு முன் பெண் சிலந்தி சட்டை உரித்துவிட்டால், ஆணிடம் வாங்கி வயிற்றில் வைத்ததெல்லாம் சட்டையோடு போய்விடும். கல்யாணம் நடக்காததற்குச் சமம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தேவாலயப் பக்கம் நாற்பது வருஷமாகப் போகாத மனிதர், ஒரு சிலந்தி சட்டை உரிக்க வேண்டுமென்று மனதுக்குள் மன்றாட ஆரம்பித்தார்.

ஞாயிறுதோறும் போன்.

"க்ரால் மேடம், சட்டை கிட்டை உரிச்சாளா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கா. நீங்க ஒருத்தர்தான் இவ்ளோ அக்கறையா கேக்கறீங்க."

அக்கறை என்றதும் அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு போன் செய்யக் கூச்சமாக இருந்ததால் நேரிலேயே போனார். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் கெர்லிண்ட் சுட்ட பிளம் கேக்கில் பாதியை எடுத்துப் போனார். போன இடத்தில் வெந்நீர்க் குழாய் ஒழுகியதைப் பார்த்துச் சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் அதைச் சரிசெய்தார். குற்றம் செய்த மனிதனுக்கு உலகத்தில் எத்தனை குழாய் ஒழுகுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பிப்ரவரிக் கடைசியில் வால்ட்ராவுட் முட்டைப் பை கட்டியது. வெள்ளைப் பட்டுத் துணியில் சுற்றிய பந்து மாதிரி. சில தாய்ச் சிலந்திகள் தம் முட்டைப் பையைத் தாமே தின்றுவிடும். நாவ்மன் மன்றாட்டை அதற்கு மாற்றிக்கொண்டார். வால்ட்ராவுட்டோ பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்க்க வந்த நாவ்மனைப் பல்லைக் காட்டி விரட்டியது.

"பாத்தீங்களா, தாய்மை!" என்று ரைன்ஹில்ட் கண் கலங்கினாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இனிமே இந்த 'நீங்க', 'சார்' எல்லாம் எதுக்கு? என்னை நீன்னே கூப்பிடுங்க. நானும் எக்பெர்ட்னே கூப்பிடறேன்" என்றாள்.

பதினோரு வருஷப் பழக்கத்தில் முதல்முறை. நாவ்மனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

வேறு மாதிரி எடுத்துக்கொண்டது அவள் மட்டுமல்ல.

"மூணு வாரமா என் கேக்கு பாதி எங்க போகுது, எக்பெர்ட்?" என்றாள் கெர்லிண்ட்.

"ரைன்ஹில்ட்... க்ரால் மேடத்துக்கு. அவங்க சிலந்தி முட்டை போட்டிருக்கு."

"சிலந்தி கேக்கு திங்குதா?"

"இல்ல, ஒரு மரியாதைக்கு..."

"புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போற."

"பழசுல பட்டன் இல்ல கெர்லிண்ட்."

"அதுல இருபது வருஷமா பட்டன் இல்ல."

நாவ்மன் வாயைத் திறந்து, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்து, மூடிக்கொண்டார். இனத்தைத் தப்பாகச் சொன்னவர் என்பதைவிட மனைவிக்குத் துரோகம் செய்பவர் என்ற பெயர் அவருக்குக் கொஞ்சம் கௌரவமாகப்பட்டது. அப்படிப்பட்டதை நினைத்தும் அன்றிரவு வெட்கப்பட்டார்.

மே மாதம் பையைப் பிரித்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகள். ரைன்ஹில்ட் டிராமில் போகிற வருகிற சங்கத்தாருக்கெல்லாம் மணியடித்துச் செய்தி சொன்னாள். லைப்சிக்கிலிருந்து, ப்ராக்கிலிருந்து, ஒரு மிருகக்காட்சி சாலையிலிருந்துகூடக் கேட்டு எழுதினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எ. நா. கையெழுத்து உண்டா?

ஜூன் முதல் சனிக்கிழமை மத்தியானம், தோட்டக் காலனிக் கிளப்பில் கூட்டம். உருளைக்கிழங்கு சாலட் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, மேஜையில் நாலு தட்டு நிறைய மாத்திரை டப்பாக்கள் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் கடுகளவு குஞ்சு. ரைன்ஹில்ட் தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் போட்டிருந்தாள், நன்றாகவே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு லேபிள் அச்சடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு அடுக்கியிருந்தாள்.

சங்கத் தலைவர் லோத்தார் பீட்ச் மணியைத் தட்டினார். "நாலாவது விஷயம், பிறப்பு அறிவிப்பு. தாய் க்ரால் மேடத்தோடது, தகப்பன் நாவ்மனோடது. அட, சிலந்தியத்தான்யா சொல்றேன், ஏன் சிரிக்கிறீங்க?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நாவ்மன் பேனாவைத் திறந்தார். முதல் லேபிள். எ. நா. ரைன்ஹில்ட் பக்கத்தில் உட்கார்ந்து அதை எடுத்து, மை காய வாயால் ஊதி, டப்பாவில் ஒட்டினாள். இரண்டாவது. ஊதினாள், ஒட்டினாள். ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி ஊதினாள், ஏதோ சூடான பாலை ஆற்றுவதுபோல. பதினோராவதில் அவர் கை நின்றது.

"என்ன எக்பெர்ட், கை வலிக்குதா? காப்பி வேணுமா?"

"இது ஸ்மித்தி இல்ல" என்றார் நாவ்மன்.

"எது?"

"முப்பத்தேழு. ஹமோரி. நான் பாக்காம எழுதிட்டேன். எல்லாம் கலப்பு."

சாலட் கரண்டி ஒன்று பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது. பீட்ச் கையில் மணியைத் தூக்கிப் பிடித்தபடியே மறந்துபோனார்.

ரைன்ஹில்ட் ஊதுவதற்காக எடுத்த லேபிளைக் கீழே வைத்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஜனவரி பத்தொம்பது."

"வால்ட்ராவுட் முட்டை போட்டது பிப்ரவரி."

"ஆமா."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணி, சட்டை உரிச்சாளான்னு கேட்டது..."

"உரிச்சிடணும்னு."

"அப்போ அந்தக் கேக்கு?"

"கெர்லிண்ட் சுட்டது."

"யாரு சுட்டதுன்னு நான் கேக்கல."

நாவ்மன் மேஜையைப் பார்த்தார். தான் ஒரு இனத்தைத் தப்பாகச் சொன்னதுதான் குற்றமென்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளின் முகத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து படிக்கவில்லை. முகத்தைப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்.

"தப்பு யாரும் பண்ணலாம், நாவ்மன் சார்" என்றாள் ரைன்ஹில்ட். அந்தச் 'சார்' மேஜையின் மறுமுனைவரை கேட்டது. "ஊவே தப்புத் தப்பா நூறு சிலந்தி வாங்கியிருக்காரு. எனக்கு அது பெரிசில்ல."

எழுந்து தட்டுகளைப் பிரித்தாள். இரண்டை அவர் பக்கம் தள்ளினாள். "ஆணக் குடுத்தவருக்குப் பாதி. அதான வழக்கம். இந்தாங்க உங்க பாதி, இருநூத்தி ஆறு. என் பாதிய நான் விதிப்படி பாத்துக்கறேன். உங்க பாதிய நீங்க பாத்துக்கங்க. தலைவரே, மினிட்ஸ் நோட்டுல எழுதிக்கங்க."

பீட்ச் எழுதிக்கொண்டார். 'ஃப்ரீசர்' என்ற சொல்லை இரண்டு முறை எழுதிவிட்டார்.

வீட்டில் கெர்லிண்ட் முழுக் கதையையும் நின்றபடியே கேட்டாள்.

"அவ்ளோதானா? சிலந்திதானா?"

"ஆமா."

"அடப் பாவி! நான் எங்கக்காகிட்ட போன்ல ஒரு மணி நேரம் அழுதிருக்கேன். இப்ப அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? புருஷன் யோக்கியன்னா நம்புவாளா?"

நாவ்மன் ஃப்ரீசரைத் திறந்து, உறைந்த பிளம் பைகளை ஒதுக்கி, இரண்டு தட்டையும் உள்ளே வைத்து மூடினார். மூடிய கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருநூற்று ஆறு கடுகுகள். அதில் ஒன்றுகூடத் தான் என்ன இனமென்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. கெர்லிண்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவர் திறந்துவிட்டார்.

"லேபிள் ஒட்டல" என்றார். "லேபிள் இல்லாம எப்படி..."

"எடுத்து வெளிய வை" என்றாள் கெர்லிண்ட். "பிளம் வாசம் ஏறப்போவுது."

திங்கட்கிழமை பீட்ச் போன் செய்தார். க்ரால் மேடம் சனிக்கிழமையே தன் பாதியை முடித்துவிட்டாளாம். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாளாம், மினிட்ஸில் ஒட்டியாயிற்றாம். "ஒங்களோடது எப்ப வரும் நாவ்மன்?"

ஜூலைக் கூட்டத்துக்கு அவர் போட்டோ இல்லாமல் போனார். ரைன்ஹில்ட் மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். சாயம் பாதி வெளுத்திருந்தது.

"முடிச்சாச்சுன்னு எழுதிக்கட்டுமா?" என்று பீட்ச் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், யாரும் வீட்டுக்கு வந்து பார்க்கப்போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

"முடிக்கல. உயிரோட இருக்கு. ரெண்டு செத்துப்போச்சு, இருநூத்தி நாலு. என்னால முடியல. விதிப்படி என்னை சங்கத்துலேர்ந்து எடுத்துடுங்க."

விதி பதினாலை மீறுபவர் சங்கத்தில் இருக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பீட்ச் பேனாவை மூடித் திறந்து, மூடினார்.

"லேபிள்ல என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள் ரைன்ஹில்ட், தன் சாலட் தட்டைப் பார்த்தபடியே.

"தாய் ஸ்மித்தி, தகப்பன் ஹமோரி. கலப்பு. யாருக்கும் குடுக்கக்கூடாது. நான் செத்தா கெர்லிண்டும் குடுக்கக்கூடாது."

"கையெழுத்து?"

"முழுப் பேரா போட்டிருக்கேன்."

அவள் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தி, மென்று, விழுங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அவரு சங்கத்த விட்டுப் போகத்தான் வேணும், தலைவரே, அது விதி" என்றாள். பிறகு நாவ்மனிடம்: "போறதுக்கு முன்னால ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க. என்னோடத நான் சரியாக்கூடப் பாக்கல. கண்ண மூடிக்கிட்டுத்தான் உள்ள வச்சேன்."

"ரைன்ஹில்ட், நான்..."

"மன்னிச்சேன்னு சொல்லல. பாக்கணும்னு சொன்னேன். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்."

மறுநாள் ஞாயிறு. நாவ்மன் காலையிலேயே அலமாரி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொண்டுபோகத் தகுந்த ஒரு குஞ்சைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். வால்ட்ராவுட்டின் சாயல் உள்ளது எதுவோ அதை எடுத்துப் போகலாம் என்று நினைப்பு. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்த வயதில் எதற்கும் சிவப்பு முட்டி வந்திருக்காது, முகத்தில் பட்டையும் வந்திருக்காது. எல்லாம் ஒரே பழுப்பு. மத்தியானம் கெர்லிண்ட் சூப்பு ஆறுகிறது என்று கூப்பிட்டபோது அவர் தொண்ணூற்று மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.